நடுங்கும் கையும் மோராக் கிழங்கும்

14 மார்ச் 2022, திங்கள்

காலையிலிருந்து மதியம்வரை வெட்டிய குருத்துகளில் ஒன்றுகூடத் தேறாது. எனக்கே தெரிகிறது. கடுகில் கால்வாசிகூட இல்லாத ஒரு பச்சைப் புள்ளியைப் பிளேடு நுனியில் எடுத்துக் குப்பியிலுள்ள வளர்ப்புக் கூழின் மேல் வைக்க வேண்டும். எடுத்துவிடுகிறேன். வைக்கப் போகும்போது கை ஆடுகிறது. புள்ளி எங்கே விழுந்தது என்று நுண்ணோக்கியில் தேடினால் என் விரல்தான் மரத்தடி மாதிரி குறுக்கே நிற்கிறது.

பக்கத்து மேசையில் தமாரிஸ். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். என் கீழே வேலை கற்றவள். நேராகப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

இந்தப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் திசு வளர்ப்பு தொடங்கிய நாளிலிருந்து இந்த நாற்காலி என்னுடையது. நெரெய்தா மாதிரி சின்னதாக வெட்ட இந்தத் தீவில் ஆள் இல்லை என்று ஹவானாவிலிருந்து வந்தவர்களே சொன்னதுண்டு. நான் மறுத்ததில்லை. உண்மையை எதற்கு மறுப்பது?

காபிதான் காரணமாக இருக்கும். நாளை முதல் காபி கிடையாது.

17 மார்ச்

காபி இல்லாமல் தலைவலிதான் மிச்சம். வீட்டுக்காரன் ஒரெஸ்தெஸ் மேல் எரிந்து விழுந்தேன். கை அப்படியே ஆடுகிறது. மதியம் இரண்டு கோப்பை சேர்த்துக் குடித்தேன்.

29 மார்ச்

மருத்துவர் என் கையை நீட்டச் சொன்னார், எழுதச் சொன்னார், தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றியதில் பாதி அவர் மேசையில்.

"பயப்படாதீங்க, பார்க்கின்சன் இல்ல. சும்மா இருக்கிறப்ப ஆடல பாருங்க, வேலை செய்யறப்பதான் ஆடுது. இது பரம்பரையா வர்ற நடுக்கம். உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

அம்மா கடைசிவரை கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தாள். அவளுக்கு அது ஒரு பழக்கம் என்றே நினைத்திருந்தோம்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் இல்லை. எப்போது வரும் என்று கேட்டேன். அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள். நல்ல பதில். நாட்டில் எல்லாக் கேள்விக்கும் பொருந்தும்.

மருத்துவர் என்ன வேலை என்று கேட்டிருந்தார். சொன்னேன். "அப்ப வேற வேலை பாத்துக்கங்க" என்றார். "உங்க கண்ணு மங்கிப்போனா நீங்க வேற வேலை பாப்பீங்களா?" என்று கேட்டேன். "பாப்பேன்" என்றார். நேர்மையான மனிதர். அதனால்தான் கோபம் அடங்கவில்லை.

ஒரெஸ்தெஸ் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து எவனுடைய சைக்கிள் டியூபையோ வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்க சித்தப்பாவுக்கும் இதேதான் நெரே. ரெண்டு மடக்கு ரம் போட்டாருன்னா கை கல்லு மாதிரி நின்னுடும். டோமினோ கட்டைங்கள ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் காட்டுவாரு."

"அப்புறம் என்ன ஆனாரு?"

"குடிச்சே செத்தாரு. ஆனா கை ஆடல."

இவனைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம்.

6 ஏப்ரல்

மலையிலிருந்து செகுந்தினா வந்திருந்தாள், கிழங்கு விவசாயி. கையில் ஒரு இலை. நிலைய வாசலில் காவல்காரர் தடுத்ததை அவள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நேராக உள்ளே வந்து இலையை என் மேசையில் போட்டாள். மோராவின் இலை. மஞ்சளும் பச்சையுமாகத் தேமல், ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது.

மலாங்காக் கிழங்கு எந்தச் சந்தையிலும் உண்டு, வெள்ளைச் சதை உள்ளது. சேம்பு இனத்திலேயே வயிற்றுக்கு மெத்தென்று இறங்குவது. மோராவும் மலாங்காவில் ஒரு ரகம்தான், ஆனால் சந்தையில் கிடைக்காது. ஊதாச் சதை. அவர்கள் மலைச்சரிவில் ஐந்து குடும்பங்களிடம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அங்கே குழந்தைக்கு முதல் சோறு அதுதான். வயிற்றுப் புண்ணோடு கிடக்கும் கிழவனுக்குக் கடைசிச் சோறும் அதுதான்.

"போன தடவ வெளஞ்சது எவ்வளவு தெரியுமா? எம் பெருவிரல் அளவு. ரெண்டு வருஷம் முன்னாடி உங்கிட்ட நல்ல கிழங்கா பொறுக்கிக் குடுத்தேன். சுத்தம் பண்ணித் தரேன்ன. ஆஸ்பத்திரில சேத்த ஆளு மாதிரி போனது போனதுதான். இருக்குதா, செத்துதா?"

"இருக்குக்கா. கண்ணாடிக் குப்பியில வளருது. ஆனா நோயும் கூடவே வளருது."

"நோயோட எங்க தோட்டத்துலயும்தான் வளருது. அதுக்கு எதுக்குக் கண்ணாடிக் குப்பி?"

அவளுக்கு விளக்கினேன். விதை போட்டு வளர்க்கிற செடி இல்லை இது. தாய்க் கிழங்கின் துண்டையே நடுகிறோம், அதனால் தாயின் வைரஸ் பிள்ளைக்கும் அப்படியே போகிறது. மருந்து அடித்தால் போகாது. குருத்தின் உச்சியில் ஒரு புள்ளிக்கு மட்டும் வைரஸ் இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. அதை மட்டும் வெட்டி வளர்த்தால் சுத்தமான செடி. கொஞ்சம் பெரிதாக வெட்டினால் வைரஸும் கூட வரும், ரொம்பச் சிறிதாக வெட்டினால் செத்துவிடும்.

"சரி, வெட்டு" என்றாள்.

நான் என் கையைக் காட்டவில்லை. மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

20 ஏப்ரல்

எழுதக்கூடாது என்று நினைத்தேன். எழுதத்தான் போறேன். எனக்கென்ன பயம்.

காலையில் ஒரெஸ்தெஸின் ரம் பாட்டிலிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி எடுத்துப் போனேன். வெட்ட உட்காரும் முன் இரண்டு மடக்கு. கொஞ்ச நேரத்தில் — அய்யோ, அந்தக் கை! என் பழைய கை திரும்ப வந்துவிட்டது. பிளேடு சொன்ன இடத்தில் நின்றது. வரிசையாக வெட்டினேன், ஒவ்வொன்றும் முத்து. எவ்வளவு நாளாயிற்று இப்படி. பாடிக்கொண்டே வெட்டினேன் போலிருக்கிறது. அதுதான் மாட்டிவிட்டது.

தமாரிஸ் மூக்கைச் சுருக்கினாள். எழுந்து போனாள். மதியம் லிசாந்த்ரோ கூப்பிட்டனுப்பினான்.

லிசாந்த்ரோ இப்போது இயக்குநர். என்னிடம் படித்தவன். அவனுடைய முதல் ஆய்வில் எத்தனை தப்பு திருத்தினேன் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"டீச்சர், உக்காருங்க."

"நின்னுக்கறேன்."

"வேலை நேரத்துல குடிச்சிருக்கீங்க."

"மருந்து குடிச்சேன். கடையில மருந்து இல்ல, வீட்ல இருந்தது."

அவன் சிரிக்கவில்லை. வெட்டும் நாற்காலி இனி தமாரிஸுக்கு. எனக்கு மாடியில் ஆவண அறை. பழைய அறிக்கைகளை அடுக்க வேண்டுமாம். மோராவையும் இந்த வருஷத்தோடு திட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறார்களாம். குப்பிகளைக் கொதிக்க வைத்துக் கழுவி வேறு பயிருக்குக் கொடுக்க வேண்டும்.

"உங்க நல்லதுக்குத்தான் டீச்சர்."

என் நல்லது! என் நல்லதை இவன் எப்ப கத்துக்கிட்டான்? எவன் கேட்டான் இவன? முடியாதுன்னு சொன்னேன். ஆவண அறையும் முடியாது, குப்பியக் கொதிக்க வெக்கறதும் முடியாது. "வேற என்ன பண்ணப்போறீங்க?"ன்னான். தெரியலடா. முடியாதுன்னு மட்டும் தெரியுது.

21 ஏப்ரல்

வழக்கம்போலப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். தமாரிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாலைவரை உட்கார்ந்திருந்தேன். எதையும் வெட்டவில்லை.

27 ஏப்ரல்

நாற்காலியை விட்டுக்கொடுத்தேன். அவள் கை நல்ல கை. எங்கள் சண்டையில் பயிர் ஏன் கெட வேண்டும்? ஆனால் மோராவின் குப்பிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கண்ணாடிச் சாமான் கழுவும் அறையின் மூலைக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே ஒரு ஜன்னலும் ஒரு மேசையும் உண்டு. யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லப் பதில் வைத்திருந்தேன், வீணாகிவிட்டது.

3 மே

ஆவண அறையை அடுக்கச் சொன்னார்கள் அல்லவா, அடுக்குகிற சாக்கில் படித்தேன். வாழையிலும் உருளைக்கிழங்கிலும் பூண்டிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். திரவ நைட்ரஜன். உறைய வைப்பது.

எத்தனையோ தடவை கண்ணில் பட்ட விஷயம்தான். பயிரை வருஷக்கணக்கில் சேமிக்கிற வழி என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். நல்ல கை இருந்தவளுக்கு அது எதற்கு?

குருத்து உச்சியின் நடுவில் இருக்கும் செல்கள் சின்னவை, கெட்டியானவை, நீர் குறைந்தவை. வைரஸ் அங்கே வந்திருக்காது. சுற்றிலும் இருப்பவை பெரிதாக, நீர் நிறைந்து தளும்புபவை; வைரஸின் வீடு அங்கேதான். சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தி நைட்ரஜனில் முக்கினால், தளும்பும் செல்களில் ஐஸ் உருவாகி அவை கிழிந்து சாகும். நடுவில் இருக்கும் சின்னவை பிழைக்கும். அவற்றிலிருந்து புதுச் செடி.

அப்படியென்றால் பெரிதாக வெட்டலாம். சோள மணியில் பாதி அளவுக்குக்கூட. கை ஆடினாலும் பிடிக்கக்கூடிய அளவு. நான் வெட்ட முடியாததைக் குளிர் வெட்டும்.

திரும்பத் திரும்பப் படித்தேன். எழுந்து நடந்தேன். மறுபடி படித்தேன்.

5 மே

லிசாந்த்ரோவிடம் சொன்னேன்.

"திரவ நைட்ரஜனா? டீச்சர், நமக்குக் குழாயில தண்ணியே ஒழுங்கா வரல."

"தெரியும்."

"திட்டத்துல இல்ல. ஆள் இல்ல. நான் அனுமதி குடுக்க முடியாது."

"அனுமதி கேக்க வரல லிசாந்த்ரோ. சொல்லிட்டுப் போக வந்தேன். அப்புறம் நீ வேற யார் சொல்லியாவது தெரிஞ்சுக்கக்கூடாது பாரு."

நெற்றியைத் தடவிக்கொண்டான். மாணவனாக இருந்தபோதும் பரீட்சைத் தாளைப் பார்த்து இப்படித்தான் தடவுவான்.

19 மே

இந்த மாகாணத்தில் நைட்ரஜன் எங்கே இருக்கிறது? யோசித்து யோசித்துக் கடைசியில் பதில் வீட்டு வாசலிலேயே கிடைத்தது. மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற ரெய்னேரியோ தன் மோட்டார் சைக்கிள் டயரை ஒட்ட ஒரெஸ்தெஸிடம் வந்திருந்தான். வண்டியின் பக்கவாட்டில் மாட்டிய தொட்டியில் பால்கேன் மாதிரி ஒரு பாத்திரம். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை. உள்ளே காளை விந்து, திரவ நைட்ரஜனில்.

கேட்டேன். அவன் என்னையும் ஒரெஸ்தெஸையும் மாறி மாறிப் பார்த்தான்.

"காளை வெச்ச பாத்திரத்துல கிழங்க வெக்கணுமா? டாக்டரம்மா, நாளைக்கி ஏதாவது பசு மலாங்கா ஈன்னுச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?"

"மலாங்கா அம்மான்னு கத்துச்சுன்னா எங்கிட்ட அனுப்பு. நான் பாத்துக்கறேன்."

"குருத்துக்கு அவ்வளவு குளிரு தாங்குமா?"

"பாதி தாங்காது. தாங்காதது போகட்டும்னுதான் பண்றது."

தலையை ஆட்டினான். மாட்டுப் பண்ணைக்கு நைட்ரஜன் வரும் நாளில், பாத்திரத்தின் அடியில் மிஞ்சுவதை எனக்குத் தருவான். அவன் டயர்களை ஒரெஸ்தெஸ் ஒட்டுவான்.

"என்னைக் கேக்காம என் கைய வித்துட்டா பாரு" என்றான் ஒரெஸ்தெஸ். ரெய்னேரியோ போன பிறகு, "அந்தப் புகை நல்லாருக்கு நெரே" என்றும் சொன்னான்.

16 ஜூன்

இன்று முதல் முறை.

கழுவும் அறை ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன். அலுமினியத் தாள் கீற்றுகளில் ஒவ்வொரு குருத்தையும் ஒரு துளிக் கரைசலுக்குள் வைத்தேன். கை ஆடியது. ஆடட்டும். இந்த அளவுத் துண்டு ஆடுகிற கையிலும் நிற்கிறது. பிறகு கீற்றை இடுக்கியால் பிடித்து நைட்ரஜனில் முக்கினேன். எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரு சடசடப்பு, பிறகு மௌனம்.

வெளியே நெருப்பு வெயில். உள்ளே இந்த ஊரில் எந்தக் காலத்திலும் அடித்திராத குளிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான். சிரிப்பு வந்தது.

30 ஜூன்

எல்லாம் கறுத்துவிட்டன. ஒன்று பாக்கியில்லை.

தமாரிஸ் கதவருகே நின்று பார்த்தாள். "அது குளிர் நாட்டுக்காரங்க பண்ற வேலை டீச்சர். சேம்பு வெப்பத்துல வளர்ற பயிரு. தாங்காது."

"வாழை மட்டும் பனியிலயா வளருது?"

கேலியாகச் சொல்லவில்லை அவள். அதனால் இன்னும் வலித்தது.

2 ஜூலை

யோசித்தேன். பதப்படுத்தும் கரைசல் ஐஸ் மேல் இருந்திருக்க வேண்டும். அன்று கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை, அவசரத்தில் அறைச் சூட்டிலேயே விட்டுவிட்டேன். அந்தக் கரைசல் சூட்டில் விஷம். குருத்துகளைக் குளிர் கொல்லவில்லை, நான் கொன்றேன். சர்க்கரையிலும் அவற்றை இன்னும் நாள்கணக்கில் ஊறவிட்டிருக்க வேண்டும்.

தப்பு என்னுடையது. முறையுடையது அல்ல. என் தப்பைத் திருத்த எனக்குத் தெரியும்.

11 ஆகஸ்ட்

மின்வெட்டு, மின்வெட்டு, மின்வெட்டு. வளர்ப்பு அறையில் குளிர்சாதனம் நின்று குப்பிகளெல்லாம் வெந்துபோகின்றன. தமாரிஸ் வெட்டிய அழகான வாழைக் குருத்துகள் கூழோடு கூழாகக் குழைந்து கிடந்தன. அவள் அழுதாள். பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வது? "நாளைக்கு வெட்டலாம்" என்றேன்.

என் மோரா கழுவும் அறை ஜன்னல் காற்றில் பிழைத்துக் கிடக்கிறது. துரத்தப்பட்டதால் பிழைத்தது.

22 செப்டம்பர்

இரண்டாம் முறை. ஐஸ் இருந்தது, ரெய்னேரியோ மீன் கடைக்காரனிடம் சண்டை போட்டு வாங்கி வந்தான். ஐஸில் மீன் வாடை. குருத்துக்கு மூக்கு கிடையாது.

எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தேன். முடிந்ததும் புதுக் கூழில் வைத்து, கறுப்புத் துணி சுற்றி, அலமாரியில் வைத்தேன். முதல் சில நாள் இருட்டிலும் மிதமான சூட்டிலும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன் இந்த நாட்டிடம்.

28 செப்டம்பர்

புயல் மேற்கே அடித்தது. இங்கே காற்றும் மழையும்தான். ஆனால் நேற்று முதல் தீவு முழுக்கக் கரண்ட் இல்லை. ஒரு ஊர் பாக்கியில்லாமல். மழை விட்டதும் வெயில் புழுக்கித் தள்ளுகிறது. கழுவும் அறை ஜன்னல் கண்ணாடி உடைந்து, தண்ணீர் உள்ளே வந்து, கதவு உப்பி, அறையே நீராவிக் குளியல் மாதிரி இருக்கிறது. இப்படியே விட்டால் மூன்று நாளில் எல்லாம் பூசணம்.

குப்பிகளைப் பெட்டியில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசல் காவல்காரர், "தோழர், நிலையத்துச் சொத்து…" என்று இழுத்தார்.

"கொதிக்க வெக்கச் சொல்லி உத்தரவான சொத்து. எங்க வீட்ல போய்க் கொதிக்க வெக்கறேன். ஆச்சா?"

வழி விட்டார்.

வீட்டிலும் அதே வெக்கை. முற்றத்தில் நின்று யோசித்தேன். எங்கள் வீட்டு முற்றத்துக்கு அடியில் மழைத்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, இந்த வீட்டைக் கட்டியவர்கள் கல்லால் கட்டியது. மூடியைத் திறந்து கையை விட்டேன். இருட்டு. ஈரமில்லாத மேல் பாகத்தில் குளுகுளுவென்று காற்று. வளர்ப்பு அறை நன்றாக ஓடும் நாளில் இருக்கும் அதே பதம்!

குப்பிகளின் வாயை மெழுகு வைத்து அடைத்து, வாளியில் அடுக்கி, துணி மூடி, கயிற்றில் கட்டித் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டேன்.

1 அக்டோபர்

ஒரெஸ்தெஸ் முகம் கழுவத் தொட்டியிலிருந்து கயிற்றை இழுத்திருக்கிறான். எந்தக் கயிறு என்று பார்க்காமல்.

"நெரே! தண்ணி கேட்டா உம் பிள்ளைங்க வருதுங்க!"

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். நான் கத்தினது பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். ஒன்றும் உடையவில்லை. அவன் இப்போது கயிற்றில் சிவப்பு டியூப் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறான், மறுபடி இழுத்துவிடாமல் இருக்க. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போய்க் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறான். அதை நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறான்.

24 அக்டோபர்

குப்பிகளைச் சமையலறை ஜன்னலில் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்துக் கொஞ்ச நாளாயிற்று. பெரும்பாலானவை பழுப்பு. வெளித்தோல் செத்துச் சுருங்கிக் கிடக்கிறது. சாக வேண்டியவைதானே அவை. நடுவில்? நடுவில் ஏதாவது இருக்கிறதா? கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இருப்பது மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

9 நவம்பர்

பச்சை.

10 நவம்பர்

நேற்று ஒரு வார்த்தைக்கு மேல் எழுத முடியவில்லை. செத்த பழுப்பின் நடுவே ஊசி முனை அளவுப் பச்சை. ஒன்றில் இல்லை, பல குப்பிகளில். ஒரெஸ்தெஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி போட்டும் அவனுக்குத் தெரியவில்லை. "ஆமா ஆமா, நல்லாத் தெரியுது" என்றான்.

17 ஜனவரி 2023

தமாரிஸ் நாட்டை விட்டுப் போகிறாள். அக்கா புளோரிடாவில் இருக்கிறாள், விசாத் தாள்களெல்லாம் வந்துவிட்டனவாம். சொல்லிக்கொண்டு போக வீட்டுக்கு வந்தவள், சமையலறை ஜன்னலில் நின்று என் குப்பிகளைப் பார்த்தாள். இப்போது இலைகள் விரிந்திருக்கின்றன.

"அன்னிக்கு ரம் விஷயத்த நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

"உங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு சொன்னதா எல்லார்கிட்டயும் சொன்னேன். அது இல்ல டீச்சர். அந்த நாற்காலி எனக்கு வேணும்னு இருந்தது."

"அதுவும் தெரியும்."

காபி கொடுத்தேன். கோப்பையை நீட்டும்போது தட்டில் சிந்தியது. அவள் அதைப் பார்க்காத மாதிரி இருக்கவில்லை இந்தத் தடவை. தட்டில் சிந்தியதையும் கோப்பைக்குள் ஊற்றிக் குடித்தாள்.

"அங்க என்ன வேலை பாப்ப?"

"ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்ற வேலை. முதல்ல."

அந்தக் கையா? அந்தக் கை படுக்கை விரிக்கப் போகிறதா? வாய்வரை வந்தது, சொல்லவில்லை. "நாற்காலியத் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல" என்றேன். சிரித்தாள், பிறகு அழுதாள். நான் அழவில்லை. அவள் போன பிறகும் அழவில்லை. கோபமாகத்தான் இருக்கிறது, யார் மேல் என்று தெரியாமல்.

23 பிப்ரவரி

சாந்தா கிளாரா நகரத்து ஆய்வகத்துக்கு நானே இலைகளைக் கொண்டுபோய், வைரஸ் சோதனை செய்யும் பெண்ணின் பக்கத்திலேயே நின்றேன். "நீங்க நின்னா முடிவு மாறாது அம்மா" என்றாள். "மாறக்கூடாதுன்னுதான் நிக்கிறேன்" என்றேன்.

இலைச் சாற்றைச் சோதனைத் தட்டின் சின்னக் குழிகளில் விடுவார்கள்; வைரஸ் இருந்தால் குழியில் இருக்கும் நீர் மஞ்சளாகும். உறைய வைக்காத மோராவின் குழிகள் உடனே மஞ்சளாயின. என்னுடையவற்றில் சில லேசாக மஞ்சளாயின. மற்றவை நிறம் மாறவே இல்லை. காத்திருந்தோம். நிறம் மாறவே இல்லை. பாதிக்கு மேல் சுத்தம்.

அந்தப் பெண் இன்னொரு முறை செய்து பார்த்தாள். அதே முடிவு. "யாரு வெட்டினது?" என்று கேட்டாள்.

கையைத் தூக்கிக் காட்டினேன். நன்றாக ஆடியது.

1 மார்ச்

லிசாந்த்ரோ கழுவும் அறைக்கு வந்தான். இந்த அறைக்கு இயக்குநர் வருவது இதுவே முதல் தடவை. நிற்க இடம் இல்லாமல் தொட்டி ஓரத்தில் சாய்ந்தான்.

"டீச்சர், வெட்டறதுக்கு இப்ப ஆளே இல்ல. நீங்க திரும்ப அந்த நாற்காலிக்கு…"

"வேண்டாம். அந்த அறையில ஜன்னல் இல்ல. இங்க ரெண்டு மேசை போடு. கை எப்படி இருக்கிறவங்களா இருந்தாலும் அனுப்பு, கத்துக் குடுக்கறேன்."

"சரி." கொஞ்சம் தயங்கினான். "மோராவ முறைப்படி பதிவு பண்ணி, வயல்ல சோதன போட்டு, ஹவானாவுல அங்கீகாரம் வாங்கி… ரெண்டு மூணு வருஷத்துல விவசாயிகளுக்குக் குடுத்துடலாம்."

"செகுந்தினா காட்டுல இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்கு மோரா இருக்குமா?"

"விதிமுறை டீச்சர். நான் போட்டதில்ல."

"நானும் போடல."

12 மே

மழை தொடங்கிவிட்டது. நட இதுதான் நேரம்.

குப்பியிலிருந்து எடுத்து மண்ணுக்குப் பழக்கி வளர்த்த கன்றுகளில் பாதியை நிலையத்தில் விட்டேன், லிசாந்த்ரோவின் விதிமுறைக்கு. மறுபாதியை ஈரச் சாக்கில் சுற்றிப் பட்டப்பகலில் முன்வாசல் வழியாக எடுத்து வந்து ரெய்னேரியோவின் வண்டித் தொட்டியில், நைட்ரஜன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அடுக்கினேன். ஒளித்து எடுத்துப் போக நான் திருடி அல்ல. நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மேலே நிமிர்ந்தேன். மாடி ஜன்னலில் லிசாந்த்ரோ நின்றான். கன்றுகள் நன்றாகவே தெரிந்திருக்கும். நான் பார்வையை எடுக்கவில்லை. அவன் நெற்றியைத் தடவினான். பிறகு ஜன்னலைச் சாத்தினான்.

"நிறுத்தச் சொல்றாரா?" என்றான் ரெய்னேரியோ.

"மழைச்சாரல் உள்ள அடிக்குதாம். நீ ஓட்டு."

மலைப்பாதையில் எலும்பெல்லாம் கழன்றது. செகுந்தினா கன்றுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு சின்னதா இருக்கு. இதுக்கா இத்தன வருஷம்?" பழைய செடிகளிலிருந்து தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் நடச் சொன்னேன், அசுவினிப் பூச்சி ஏறினால் திரும்ப வைரஸைக் கொண்டுவந்துவிடும். பழைய செடிகளைப் பிடுங்கி எரிக்கச் சொன்னேன். அதற்குத்தான் நீண்ட நேரம் சண்டை போட்டாள். கடைசியில் அவளே முதல் செடியைப் பிடுங்கினாள். பிடுங்கிவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

4 செப்டம்பர்

லிசாந்த்ரோ மேசைகளைப் போட்டுக் கொடுத்தான். ஒன்றுக்குக் கால் ஆடுகிறது. இந்த அறைக்குப் பொருத்தம்தான் என்று அவனிடம் சொன்னேன். இந்தத் தடவை சிரித்தான்.

30 நவம்பர்

மாத்திரை கடையில் வந்ததாம். நான் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிட்டதாம். போகட்டும்.

9 மார்ச் 2024

செகுந்தினா மலையிலிருந்து இறங்கி வந்தாள். ரெய்னேரியோ வண்டியில் அவளும் ஒரு சாக்கும். சாக்கைச் சமையலறைத் தரையில் கவிழ்த்தாள். மோரா. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், மண்ணும் வேருமாக.

"பாரு. எங்க வீட்டுப் பானைக்குள்ள போக மாட்டேங்குது. யாரு இவ்வளவு பெருசாப் பண்ணச் சொன்னா?"

"இலையில தேமல் இருந்துதாக்கா?"

"இலை பச்சையாதான் இருந்துது. வேற என்ன கலர்ல இருக்கணும்?"

ஐந்து குடும்பமும் நட்டாகிவிட்டது என்றாள். மோராவை எப்போதோ கைவிட்ட இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் வந்து துண்டு கேட்டார்களாம். கொஞ்சம் கெஞ்சவிட்டுக் கொடுத்தாளாம்.

கரண்ட் இல்லை. ஒரெஸ்தெஸ் கரி அடுப்பை மூட்டிவிட்டுக் கத்தியை எடுத்தான். கையை நீட்டினேன். ஒரு நொடி என்னைப் பார்த்தான், கத்தியை என்னிடம் கொடுத்தான்.

உட்கார்ந்து உரித்தேன். கத்தி ஒரு பக்கம் போனது, கிழங்கு ஒரு பக்கம் போனது. தோலோடு சதையும் கட்டி கட்டியாக விழுந்தது. பால் பட்டு முழங்கை வரை அரித்தது. தண்ணீர் கொதித்து அடங்கி மறுபடி கொதித்தது. யாரும் உதவிக்கு வரவில்லை. வரவும் கூடாது.

செகுந்தினாவால் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"இவ்வளவு தடிமனா சீவினா திங்க என்னடி மிஞ்சும்?"

"மிஞ்சும்க்கா" என்றேன். "கிழங்கு பெருசு."